இரண்டு பிராங்கு ராஜபோகம்

சாயங்கால வேளையில் நாலு சிநேகிதர்கள் ஒரு தெருமுனையில் கூடி நின்று, "எங்கே போகலாம்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் காட்சி உலகத்திலுள்ள எல்லாப் பட்டணங்களுக்கும் பொதுவானது. முதலாமவன் ஓர் இடத்தைச் சொல்வான். "ஐயோ, அங்கேயா? போன மாசச் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிவிடுவானே!" என்பான் இரண்டாமவன். வேறோர் இடத்தைச் சொன்னால், "அழுக்கு மேஜை, புகை படிந்த சுவர். அங்கே எப்படி உட்காருவது?" என்று மூன்றாமவன் முகத்தைச் சுளிப்பான். இன்னோர் இடத்தைச் சொன்னாலோ நாலாமவன், "இடம் நன்றாகத்தான் இருக்கிறது, விலையும் பரவாயில்லை. ஆனால் கடைசிக் கவளம் தொண்டையில் இறங்குவதற்குள் பில்லைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே நிற்பானே!" என்பான். கடைசியில் எங்கேயாவது போகத்தான் போகிறார்கள். போன இடத்தில் ஏதாவது ஒன்று குறையத்தான் குறைகிறது.

மலிவு, அழகு, அவகாசம் என்ற இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் காண மனிதர்கள் எத்தனை பாடுபட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பாரிஸ் மாநகரத்தின் சரித்திரத்தைத்தான் புரட்ட வேண்டும். வெளியே போய்ச் சாப்பிடுவதை ஒரு கலையாக்கியவர்கள் அவர்கள். அந்தக் கலைக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதும் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. சைவ வாசகர்கள் மட்டும் சற்றே மன்னிக்க வேண்டும். இந்தச் சரித்திரமே எலும்புச் சாற்றில்தான் ஆரம்பமாகிறது.

'ரெஸ்டாரெண்ட்' என்ற சொல்லுக்கு முதலில் ஓர் இடம் என்ற பொருளே கிடையாது. இழந்த தெம்பை மீட்டுக் கொடுப்பது என்று அர்த்தம். மாமிசத்தை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து வடித்த சாற்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் உடம்பு மெலிந்திருப்பது, ஜீரணம் சரியில்லை என்று சொல்லிக்கொள்வது, இரவு உணவைத் தொடாமல் ஒதுக்குவது எல்லாம் பெரிய மனிதர்களின் நாகரிகமாக இருந்தது. அவர்களுக்காக 1766-ஆம் ஆண்டை ஒட்டி மாத்யூரேன் ரோஸ் த ஷாந்துவாஸோ என்பவர் இந்தச் சாற்றை அழகான ஓர் அறையில், தனித்தனி மேஜையில், வந்தவர் வந்த நேரத்தில் கொடுக்க ஏற்பாடு செய்தார். பூலான்ஜே என்ற ஒரு சூப்புக்காரர்தான் முதல் ரெஸ்டாரெண்டைத் திறந்தார், ஆட்டுக்கால் விற்றதற்காக அவர் மேல் சமையற்காரர்களின் சங்கம் வழக்குப் போட்டது என்று ஒரு ருசியான கதை வெகுகாலமாகப் புத்தகங்களில் உலவி வந்தது. சரித்திர ஆசிரியை ரெபெக்கா ஸ்பாங் 2000-ல் வெளியிட்ட நூலில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று காட்டிவிட்டார். கதை போனாலும் விஷயம் போகவில்லை.

தனி மேஜை என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அதற்கு முன்னால் சத்திரத்தில் சாப்பிடப் போனால் எல்லோருக்கும் ஒரே நீண்ட மேஜை, ஒரே நேரம், வைத்ததுதான் உணவு. தட்டு நடுவில் வந்து இறங்கும். கை நீளம் உள்ளவனுக்கு நல்ல துண்டு கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பவன் யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். புதிய இடத்திலோ தனக்கென்று ஒரு மேஜை, தனக்கு வேண்டிய நேரம், விலை போட்ட ஒரு பட்டியல்! சிநேகிதர்கள் நாலு பேர் உட்கார்ந்து தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ள ஒரு தீவு கிடைத்தது.

ஆனால் அந்தத் தீவில் இறங்கக் கப்பல் கட்டணம் அதிகம். 1789-ல் புரட்சி வெடித்த பிறகு பிரபுக்கள் பலர் நாட்டை விட்டு ஓடினார்கள். அவர்கள் அரண்மனைகளில் வேலை பார்த்த சமையற்காரர்களில் சிலர் பாலே ருவாயால் பக்கத்தில் சொந்தமாகப் போஜனசாலைகள் திறந்தார்கள். கண்ணாடிகள், சரவிளக்குகள், வெள்ளிக் கரண்டிகள் எல்லாம் வந்தன. பிரபு சாப்பிட்டதை இனி யாரும் சாப்பிடலாம் என்பது ஒரு விதத்தில் புரட்சிதான். ஆனால் அந்த 'யாரும்' பையில் கனத்த பணம் வைத்திருக்க வேண்டும். ஆகவே இங்கே அழகு உண்டு, அவகாசம் உண்டு, மலிவு கிடையாது.

பணம் இல்லாதவர்கள் எங்கே போனார்கள்? ஊரை விட்டே வெளியே போனார்கள்! பாரிஸுக்குள் நுழையும் ஒயினுக்கு நகர எல்லையில் சுங்கம் உண்டு. அந்தச் சுங்கம் தப்பிப் போகாமல் இருக்க 1780-களில் நகரத்தைச் சுற்றி ஒரு மதிலே எழுப்பினார்கள். பாஸ்தீல் சிறை விழுவதற்கு இரண்டொரு நாள் முன்பு, 1789 ஜூலையில், ஜனங்கள் முதலில் போய்க் கொளுத்தியது இந்தச் சுங்கச் சாவடிகளைத்தான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மதிலுக்கு வெளியே விற்ற ஒயினுக்கு அந்த வரி இல்லை. ஆகையால் மதிலை ஒட்டி வெளிப்புறம் பூராவும் 'கேன்கெத்' என்ற சாராயத் தோட்டங்கள் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமையன்று தையற்காரனும் தச்சனும் பெண்டு பிள்ளைகளோடு அங்கே நடந்து போவார்கள். மரத்தடியில் பலகை போட்டிருக்கும். மட்டமான ஒயின், மலிவான விலை, பிடில் வாசிக்க ஒருவன், இருட்டும் வரை ஆட்டம். மலிவு உண்டு, அவகாசம் உண்டு. நகரத்தின் நடுவே, விளக்கின் கீழே, மரியாதையாக உட்கார்ந்து சாப்பிடும் அழகு மட்டும் இல்லை. அழகுக்கு ஆசைப்பட்டால் ஊருக்குள், மலிவுக்கு ஆசைப்பட்டால் மதிலுக்கு வெளியே என்று பாரிஸ் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

1860-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அந்த எல்லையும் நகர்ந்துவிட்டது. சுற்றியிருந்த கிராமங்களை நகரத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டாக இருந்த பாரிஸின் வட்டங்கள் இருபதாயின. கேன்கெத்துகளும் வரிக்கு உட்பட்டன. மூன்றாம் நெப்போலியனின் அதிகாரி ஓஸ்மான் பழைய சந்துகளை இடித்து அகலமான வீதிகள் போட்டுக்கொண்டிருந்தார். வாடகை ஏறி, தொழிலாளிகள் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். வேலையோ நகரத்தின் நடுவில். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர முடியாத ஒரு பெரிய ஜனக்கூட்டம் உண்டாகிவிட்டது. குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, தையல் வேலை செய்யும் பெண், தந்தி ஆபீஸ்காரன் எல்லோருக்கும் பசிக்கும் அல்லவா?

இந்தப் பசியை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் துவால் என்ற கசாப்புக் கடைக்காரர். நகரத்தின் மத்தியில் லே ஆல் என்ற பெரிய அங்காடி உண்டு. நாவலாசிரியர் ஜோலா 1873-ல் தம்முடைய நாவல் ஒன்றுக்கு 'பாரிஸின் வயிறு' என்று பெயர் வைத்தாரே, அந்த வயிறு இதுதான். அதன் பக்கத்தில்தான் துவாலின் கடை. பணக்கார வீட்டுச் சமையற்காரர்கள் வந்து மாட்டின் மிருதுவான பாகங்களை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சத்தை என்ன செய்வது? நெடுநேரம் கொதிக்க வைத்தால் கெட்டியான மாமிசமும் மிருதுவாகும், சாறும் கிடைக்கும். 1850-களின் நடுவில் அவர் ஓர் எளிய சாப்பாட்டுக் கடையைத் திறந்து, சாற்றையும் வெந்த மாமிசத்தையும் அங்காடித் தொழிலாளிகளுக்கு விற்க ஆரம்பித்தார். சாற்றுக்குப் பிரெஞ்சில் 'பூயோன்' என்று பெயர். கடைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு நூறு வருஷத்துக்கு முன் பெரிய மனிதர்களின் மெலிந்த உடம்புக்கு மருந்தாக இருந்த அதே சாறு, இப்போது சுமை தூக்குகிறவனின் மத்தியானச் சாப்பாடாகத் திரும்பி வந்தது.

இதோடு நின்றிருந்தால் துவாலின் பெயரை இன்று யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். மலிவாகச் சூப்பு விற்றவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். அவர் செய்த அதிசயம் அடுத்தபடியாக வந்தது. மோன்தெஸ்கியூ வீதியில் முன்பு நடனசாலையாக இருந்த ஒரு பிரம்மாண்டமான கூடத்தைப் பிடித்தார். இரும்புத் தூண்கள், உயர்ந்த கூரை, பளிங்கு மேஜைகள், ஜகஜ்ஜோதியாக எரியும் வாயு விளக்குகள். ஏழைக்குச் சாப்பாடு போடும் இடம் ஏழ்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று அவர் கேட்ட மாதிரி இருந்தது. அங்கே போன குமாஸ்தா தலைநிமிர்ந்து உட்கார்ந்தான்.

உள்ளே நுழையும்போதே கையில் ஓர் அச்சிட்ட சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். என்ன கேட்டாலும் பரிசாரகி அந்தச் சீட்டில் குறித்துக்கொண்டே போவாள். சாப்பிட்டு முடித்து, வாசலில் கல்லாப்பெட்டியில் சீட்டைக் கொடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். தனக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒவ்வொரு நிமிஷமும் மனிதனுக்குத் தெரியும். கையில் உள்ள பணத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத்தான் இந்தச் சீட்டின் அருமை புரியும். சிநேகிதர்களில் யார் எவ்வளவு கொடுப்பது என்ற சங்கடமும் இல்லை. ஆளுக்கொரு சீட்டு! மேஜைக்குத் துணி விரிப்பதில்லை, பளிங்கைத் துடைத்தால் போதும். கை துடைக்கும் துணி வேண்டுமென்றால் அதற்குத் தனியாகச் சில்லறை. ரொட்டி, சாறு, ஒரு மாமிசம், ஒரு காய்கறி, சின்னக் குடுவையில் ஒயின் எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு அல்லது இரண்டரை பிராங்கு ஆகும். பெரிய வீதிகளில் இருந்த பிரபல போஜனசாலைகளில் அதைப் போலப் பல மடங்கு ஆகும்.

இதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. ஆண் துணையில்லாத ஒரு பெண் பாரிஸில் பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அவளைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று சொல்லத் தேவையில்லை. துவால் தம் கடைகளில் பரிமாற ஆண்களுக்குப் பதிலாகப் பெண்களை வைத்தார். கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரன், வெள்ளைக் குல்லாய். பார்த்தால் தர்ம ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரீ போல இருக்கும். ஓவியர் ரெனுவார் 1875-ஆம் ஆண்டு வாக்கில் அவர்களில் ஒருத்தியைப் படமாக எழுதினார். நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இன்றும் அவள் அடக்கமாக நின்றுகொண்டிருக்கிறாள். இந்த உடையும் வெளிச்சமும் பெண்களுக்குத் தைரியம் கொடுத்தன. பெண்கள் தயக்கமில்லாமல் அங்கே போகலாம் என்று பிரயாணிகள் கையிலிருந்த பேடெக்கர் வழிகாட்டிப் புத்தகம் எழுதியது. கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்த பெண்ணுக்கு, தன் சொந்தக் காசில், தன் தோழியோடு, நகரத்தின் நடுவே, கௌரவமாக ஒரு வேளை உணவு என்பது கிடைத்தது. இதை யாரும் சட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. ஒரு கசாப்புக் கடைக்காரருடைய லாபக் கணக்கு கொடுத்தது.

அந்தக் கணக்குத்தான் என்ன? இரண்டு பிராங்குக்கு எப்படிப் பளிங்கு மேஜை கட்டுபடியாகும்? கசாப்பு அவருடையது, ஆகவே நடுவில் தரகன் இல்லை. ஒவ்வொரு தட்டிலும் லாபம் ஒரு சிட்டிகைதான். தட்டுகளோ ஆயிரக்கணக்கு. அதனால் ஒவ்வொரு நாற்காலியும் ஒரு நாளில் எத்தனை பேரைத் தாங்குகிறதோ அத்தனைக்கு அத்தனை லாபம். ஆகவே, ஸ்வாமி, சாப்பிட்டாயிற்றா? சீட்டில் குறித்தாயிற்றா? கல்லாப்பெட்டி அந்தப் பக்கம்! இதுதான் ரகசியம். மலிவு கிடைத்தது, அழகும் கிடைத்தது. பறிபோனது அவகாசம்.

பாரிஸ்காரர்கள் சாமர்த்தியசாலிகள். பறிபோனதை வேறோர் இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். பூயோனில் வயிற்றை நிரப்பிக்கொண்டு, அப்புறம் காப்பி விடுதியில் போய் உட்கார்ந்தார்கள். காப்பி விடுதியில் விலை அதிகந்தான். ஆனால் ஒரே ஒரு கோப்பையை வாங்கி எதிரே வைத்துக்கொண்டால் நடுநிசி வரை யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். பாத்தீஞோல் பகுதியில் கேர்புவா என்றொரு காப்பி விடுதி. அங்கே 1860-களின் கடைசியில் மானே, தெகா, மோனே, ரெனுவார் முதலிய ஓவியர்களும் ஜோலாவும் கூடி மாலை வேளைகளில் வாதாடித் தீர்த்தார்கள். அரசாங்கக் கண்காட்சி தங்களை ஒதுக்கினால் நாமே ஒரு கண்காட்சி வைப்போம் என்று அந்தக் கூட்டத்தில் பலர் துணிந்தார்கள். 1874-ல் அது நடந்தது. இம்ப்ரெஷனிஸம் என்ற பெயர் அந்தக் கண்காட்சியைக் கேலி செய்யப் பிறந்த பெயர். சிநேகிதர்கள் உட்கார்ந்து பேசும் நாற்காலியிலிருந்து நாற்காலிக்காரனுக்கு லாபம் வராமல் இருக்கலாம். உலகத்துக்கு என்ன வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

துவாலுக்கு லாபம் வந்தது. கடைகள் கிளை விட்டன. 1870-ல் அவர் காலமானபோது பெரிய சொத்து. அந்தச் சொத்துக்கு வாரிசு அலெக்ஸாந்தர் என்ற மகன். கதை எழுதுகிறவன் இந்த இடத்தில் பேனாவை அழுத்திப் பிடிக்காமல் இருக்க முடியாது.

அந்தக் காலத்துப் பாரிஸில் கோரா பேர்ல் என்ற ஆங்கிலேய தாசி ஒருத்தி இருந்தாள். சக்கரவர்த்தியின் உறவினரான நெப்போலியன் இளவரசரே அவளுடைய புரவலராக இருந்தவர். பேரரசு விழுந்து, இளவரசர்கள் சிதறியபின், அவள் வாசலில் வந்து நின்றவன் நம்முடைய அலெக்ஸாந்தர். சுமை தூக்குகிறவனும் தையற்காரியும் சில்லறை சில்லறையாகக் கல்லாப்பெட்டியில் போட்டுச் சேர்த்த பணம், நகையாகவும் குதிரையாகவும் வண்டியாகவும் அவள் வீட்டுக்குள் போயிற்று. பணம் வற்றியதும் கதவு சாத்திக்கொண்டது. 1872 டிசம்பரில் அவன் அவள் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டான். பலத்த காயம், ஆனாலும் பிழைத்துவிட்டான். பாரிஸே கொதித்தது. கோரா பேர்லை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். 1886-ல் அவள் ஏழையாக இறந்தாள். அலெக்ஸாந்தரோ குணமாகி, வெகுகாலம் வாழ்ந்து, பாரிஸ் வீதிகளில் பேர்போன உல்லாச புருஷர்களில் ஒருவராகவே விளங்கினார். 1099-ல் ஜெருசலத்தைப் பிடித்த சிலுவைப் போர் வீரன் பெயர் கோத்ஃப்ருவா த பூயோன். வேடிக்கை மனிதர்கள் அந்தப் பெயரையே சூப்புக் கடை வாரிசுக்கும் சூட்டிச் சிரித்தார்கள்.

இதில் சிரிப்புக்கு மேலாக ஒரு விஷயம் இருக்கிறது. மலிவான இடத்தில் அழகு கிடைக்கிறபோது நாம் அதிருஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த அழகுக்குப் பணம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், லாபம் எங்கேயோ போய்க்கொண்டும் இருக்க வேண்டும். அவை இரண்டும் நம் மேஜையிலிருந்து தெரியாது. அவ்வளவுதான்.

துவாலைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். 1900 வாக்கில் பாரிஸில் சுமார் 250 பூயோன்கள் இருந்ததாகக் கணக்கு. அவற்றில் ஷார்த்தியே சகோதரர்கள் 1896-ல் மோன்மார்த்தர் புறநகர் வீதி ஏழாம் எண்ணில் திறந்தது இன்றும் இருக்கிறது. வாசலிலிருந்து ஒரு முற்றத்தைக் கடந்து உள்ளே போனால், கண்ணாடிக் கூரையிட்ட உயர்ந்த கூடம். சுவரெல்லாம் பெரிய பெரிய நிலைக்கண்ணாடிகள். மேஜைகளுக்கு மேலே தொப்பியும் மூட்டையும் வைக்கப் பித்தளைத் தட்டிகள். கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு விளக்கை இரண்டாகவும், நூறு பேரை இருநூறு பேராகவும் காட்டும். அடுத்த பத்து வருஷத்தில், 1906-ல், ராசீன், ஜூலியேன் என்று இன்னும் அலங்காரமான பூயோன்கள் வந்தன. கொடி கொடியாக வளைந்த மரவேலை, வர்ணக் கண்ணாடி, பூப்போட்ட ஓடுகள். ஓடு பதித்த சுவரை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்ற சௌகரியமும் அதில் இருந்தது. அலங்காரமும் தொழிற்சாலைப் பொருளாகிவிட்ட காலம் அது. அச்சில் வார்க்க முடிந்ததனால்தான் அழகு குமாஸ்தாவின் கைக்கு எட்டியது.

ஷார்த்தியேயில் சுவரோரம் சின்னச் சின்ன இழுப்பறைகள் உண்டு. எண் போட்டிருக்கும். அந்தக் காலத்தில் தினமும் வந்த வாடிக்கைக்காரர்கள் தங்கள் கைத்துணியை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கூடத்தில் மிகவும் பிடித்தது இந்த இழுப்பறைகள்தான். வாடகை அறையில் தனியாக வாழும் மனிதனுக்கு நகரத்தின் நடுவே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு சாண் மரப்பெட்டி! மேஜையில் இடமில்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள். பரிசாரகன் கணக்கை மேஜை மேல் விரித்த காகிதத்திலேயே எழுதிக் கூட்டுவான். சுவரில் ஒரு பெரிய படம் இருக்கிறது. 1929-ல் ஜெர்மோன் என்ற ஓவியர், சாப்பிட்ட பாக்கியைத் தீர்ப்பதற்காக அதை எழுதிக் கொடுத்தார் என்று அங்கே சொல்கிறார்கள். பாக்கி எவ்வளவு இருந்திருக்கும் என்று படத்தின் அளவைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம்!

அழகுக்கு விலை கொடுத்தவர்களில் பரிமாறியவர்களையும் சேர்க்க வேண்டும். பாரிஸின் பெரிய காப்பி விடுதிகளிலும் போஜனசாலைகளிலும் வேலை பார்த்த பரிசாரகர்களுக்குச் சம்பளம் என்பது பெரும்பாலும் வாடிக்கைக்காரர் கொடுக்கும் இனாம்தான். பல இடங்களில் வேலை செய்வதற்காக அவர்களே முதலாளிக்குத் தினம் ஒரு தொகை கட்ட வேண்டும். அதோடு, மீசை வைக்கக் கூடாது. மீசை கனவான்களுக்குரியது, பரிமாறுகிறவன் முகம் மழமழவென்று இருந்தால்தான் இடத்துக்கு அழகு என்பது முதலாளிகளின் எண்ணம். 1907 ஏப்ரலில் பாரிஸ் பரிசாரகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, இனாமில் முதலாளி பங்கு கேட்காமை, மீசை வைக்கும் உரிமை என்பன கோரிக்கைகள். வார ஓய்வுக்கு முந்தின வருஷமே சட்டம் வந்திருந்தது, அதை அமுல் நடத்தத்தான் போராட வேண்டியிருந்தது. பத்திரிகைகள் மீசையைப் பற்றி எழுதிச் சிரித்தன. ஆனால் ஒரு மனிதன் தன் முகத்தைத் தானே வைத்துக்கொள்ள விரும்புவதில் சிரிக்க என்ன இருக்கிறது? மற்றவற்றில் அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். மீசை கிடைத்தது.

பூயோன்களின் பொற்காலத்தை முடித்து வைத்தது முதல் உலக யுத்தம். ஒரு தட்டுக்கு ஒரு சிட்டிகை லாபம் என்ற கணக்கு, பணத்தின் மதிப்பு நிலையாக இருக்கும் வரைதான் செல்லும். 1914-க்கு முன் நூறு வருஷத்துக்கு மேல் அசையாதிருந்த பிராங்கு, யுத்தத்துக்குப் பின் சரிந்துகொண்டே போய், 1928-ல் சட்டப்படி நிர்ணயித்தபோது பழைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காகியிருந்தது. மாமிசம் விலை ஏறியது, வாடகை ஏறியது, கூலி ஏறியது. விலையை உயர்த்தினால் பூயோன் என்ற பெயருக்கு அர்த்தமில்லை. உயர்த்தாவிட்டால் கடையே இல்லை. ஒவ்வொன்றாக மூடின. துவாலின் கடைகளும் போயின. அழகான கூடங்கள் சில, விலை உயர்ந்த போஜனசாலைகளாக மாறிப் பிழைத்தன. 1969-ல் அங்காடியே நகரத்தின் நடுவிலிருந்து ரன்ஜிஸ் என்ற புறநகருக்குப் போய்விட்டது. 1971-லிருந்து அதன் இரும்பு மண்டபங்களை இடித்தார்கள். பாரிஸின் வயிறு இருந்த இடம் வெறும் பள்ளமாக வெகுநாள் கிடந்தது. 1989-ல் ஷார்த்தியேயைச் சரித்திரச் சின்னம் என்று அரசாங்கம் பதிவு செய்தது. சூப்புக் கடை கோவில் கோபுரத்தோடு ஒரே பட்டியலில் சேர்ந்தது.

சரித்திரச் சின்னம் என்று பெயர் வந்துவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் சாதாரணமாக அர்த்தம். இங்கே அப்படி ஆகவில்லை. 2017-ல் பிகால் பகுதியில் ஒரு புதிய பூயோன் திறந்தார்கள். 2018-ல் ஜூலியேன் தன் பழைய பூயோன் பெயருக்கே திரும்பியது. 2021-ல் ரெபுப்லீக் சதுக்கத்தின் பக்கத்தில் இன்னொன்று வந்தது. அதே பழைய கணக்கு. நூற்றுக்கணக்கான நாற்காலிகள், எளிய சமையல், சிறிய லாபம், சுறுசுறுப்பான கை. நகரத்தின் நடுவே வாடகை மனிதனை விழுங்கும் இந்தக் காலத்தில் மாணவனும் குமாஸ்தாவும் இளம் தம்பதிகளும் அங்கே குவிகிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வந்த அதே பசி, அதே ஆசை.

அப்படியானால் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டனவா? இல்லை. இந்த இடங்களின் வாசலில் மாலை வேளைகளில் வரிசை நிற்கிறது. ஷார்த்தியேயில் அந்த வரிசை முற்றத்தைத் தாண்டி வீதி வரைக்கும் வரும். உள்ளே போனதும் உணவு உடனே வந்துவிடும், பில்லும் பின்னாலேயே வந்துவிடும். அழகுக்குப் பணமாகக் கொடுக்க முடியாதவன் நேரமாகக் கொடுக்கிறான். துவால் காலத்தில் உட்காரும் நேரத்தைக் குறைத்துக்கொண்டான், இன்று நிற்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆனாலும் அந்த வரிசையை நான் குறைவாக நினைக்கவில்லை. தெருவிளக்கின் கீழே, குளிரில் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, நாலு சிநேகிதர்கள் நிற்கிறார்கள். மேஜை கிடைக்க இன்னும் முக்கால் மணியாகும் என்று வாசற்காரன் சொல்லிவிட்டுப் போகிறான். யாரும் அவர்களை எழுந்திருக்கச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்கள் உட்காரவே இல்லை. பில்லை நீட்டவும் முடியாது. ஒருவன் ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறான், மற்றவன் மறுத்துப் பேசுகிறான், மூன்றாமவன் சிரிக்கிறான். அவர்கள் தேடி வந்த அவகாசம் அந்த நடைபாதையிலேயே கிடைத்துவிட்டது. உள்ளே இருப்பது வெறும் சாப்பாடுதான்.